வாசித்துக் காட்டக் கேட்டு

முதுநகர் மகளிர் காவல் நிலையத்தில்
எழுத்தர் வேலை எனக்கு.
பதினோரு வருட வாக்குமூலங்களையும்
ஒரே வரியில்தான் முடித்திருக்கிறேன்:
'வாசித்துக் காட்டக் கேட்டேன், சரியாக உள்ளது.'
மாவுக்கு உப்புப் போடும் கை போல
தானாக எழுதும்.

சிப்காட் பக்கத்துத் தகரக் கொட்டகையிலிருந்து
சுகாந்தி வந்த அன்று மழை விட்டிருந்தது.
இறால் உரித்து ஊறிய விரல்கள்.
இடது காதில் தோடு இல்லை,
தோடு இருந்த இடமும் சரியாக இல்லை.

கூட வந்தவன் கொழுந்தன். தமிழ் தெரியுமாம்.
சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்தான்.
அவள் கூட்ஸ் வண்டி நீளத்துக்குப் பேசினாள்,
சுவரைக் காட்டினாள், வயிற்றைக் காட்டினாள்,
வெளியிலிருந்து கதவைத் தாழிடுவதைக்
காற்றில் செய்து காட்டினாள்.
அவன் மொழிபெயர்த்தான்:
'ஒண்ணுமில்ல மேடம், சின்னச் சண்டை.'

அவ்வளவு நீளம்
எந்த மொழியிலும் இவ்வளவு குட்டையாகச் சுருங்காது.
ஒடியா எனக்குத் தெரியாது.
ஆனால் நானும் ஒரு வீட்டுக்கு மருமகளாகப் போனவள்.
'வெளியே நில்லுங்க' என்றேன்.
'அண்ணி பயப்படுவாங்க.'
'தெரியுது' என்றேன்.

ஆய்வாளர் டைரியைப் புரட்டி ஒரு எண் தந்தார்:
மினோதி, ரயில்வே கேட் கீப்பர், கஞ்சம் ஜில்லாக்காரி.
ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தேன்.
முதல் வார்த்தையிலேயே
சுகாந்தி போனை இரண்டு கையாலும் எடுத்துப் பிடித்தாள்,
சூடான டம்ளரைப் பிடிப்பது போல.

'மேடம், ஆதார் அவன்கிட்ட இருக்காம்.
சம்பளமும் அவன் போனுக்குத்தான் வருதாம்.
போலீஸுக்குப் போனா ரயிலேத்தி அனுப்பிடுவாங்கன்னு
சொல்லி வச்சிருக்கானாம்.
மேடம், இருங்க. பாசஞ்சர் வருது, கேட் போடணும்.'

ஆறு நிமிடம்.
போனுக்குள் மணி, ஒரு லாரியின் பொறுமையில்லாத ஹாரன்,
பிறகு இரும்பின் மேல் இரும்பு ஓடும் சத்தம்.
டீ ஆற ஆற
இருவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

நெல்லிக்குப்பத்துக்காரி ஒருத்தி நினைவுக்கு வந்தாள்.
தமிழ்தான் பேசினாள். சுத்தமாகப் புரிந்தது.
'பிள்ளைங்க இருக்கு, அனுசரிச்சுப் போம்மா' என்று
பஸ் ஏற்றிவிட்டேன்.
சரியாக உள்ளது என்று அவளும் கையெழுத்துப் போட்டாள்.
அப்புறம் அவள் வரவில்லை.
வராததை நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டேன்.

கேட் திறந்தது. மினோதி திரும்பி வந்தாள்.
நான்கு பக்கம் எழுதினேன்.
எழுதியதை வரி வரியாக வாசித்தேன்,
நான் தமிழில், அவள் ஒடியாவில்.
மூன்றாம் பக்கத்தில் சுகாந்தி தலையாட்டவில்லை.
'தள்ளல மேடம், இழுத்தானாம். முடியைப் பிடிச்சு.'
அடித்துத் திருத்திச் சுருக்கொப்பம் வைத்தேன்.

மனு ரசீது கொடுத்தாயிற்று.
ஜீப்பில் அரசு மருத்துவமனை,
ராத்திரிக்கு ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஒரு கட்டில்.
ஆதாரை வாங்கிவர இரண்டு பேர் போயிருக்கிறார்கள்.
வழக்கு எப்படிப் போகும், தெரியாது.
பத்து நாளில் வாபஸ் வாங்க வருபவர்கள் உண்டு.
அவளும் வரலாம்.

கடைசி வரியை மட்டும்
அவளே எழுதட்டும் என்று பேனாவை நீட்டினேன்.
ஒவ்வொன்றும் தலைக்குமேல் குடை பிடித்த எழுத்துகள்.
ஒன்றுகூட எனக்குப் படிக்கத் தெரியவில்லை.
படம் எடுத்து மினோதிக்கு அனுப்பினேன்.
அடுத்த ரயில் போன பிறகுதான் பதில் வந்தது:

'தோடு அரைப் பவுன், அவ சம்பாத்தியம்.
அதையும் எழுதிக்கச் சொல்றா மேடம்.'