இடதுகால்

நாயகன் ஒரு ரப்பர் பூட்ஸ்.
இடதுகால் மட்டும்.
வலதைத் தேடி இருபத்திரண்டு கட்டங்கள் குதிக்கிறது.
முகம் கிடையாது, கண் கிடையாது,
விளிம்பில் கிழிந்த ஒரு மஞ்சள் பட்டை;
அது துடிப்பதை வைத்தே
அதன் கோபத்தைப் படிக்கப் பழகினேன்.

நாளைக் காலை ஒன்பதுக்குள் மதிப்புரை.
முந்நூறு சொல், பத்துக்கு ஒரு எண்.
எண்ணை முதலில் போடு, சொல் தானே வரும்
என்பார் ஆசிரியர் தர்மோ.
வரவில்லை.
தம்பெரேயில் நவம்பர், மூன்றரைக்கே இருட்டு,
ஜன்னலுக்குக் கீழே ட்ராம் மணி.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன்.
குட்டையில் விழுந்தால் சாவதில்லை,
உள்ளே தண்ணீர் ஏறுகிறது.
ஏறிய தண்ணீரோடு குதித்தால்
பாதி உயரம், இரட்டைச் சத்தம்:
சளக், சளக்.
அந்தச் சளக்குக்காகவே
வேண்டுமென்று நாலைந்து குட்டைகளில் விழுந்தேன்.
தலைகீழாய்க் கவிழ்ந்தால்தான் காலியாகும்;
கவிழ இடம் தேடுவதே பாதி ஆட்டம்.
ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று
இதனிடம் சொல்லிப் பயனில்லை,
இதன் முழு உடம்பும் கால்தான்.

ஏழாம் கட்டம் ஒரு சவுனா.
நீராவியில் ரப்பர் இளகித் தாவல் நீள்கிறது,
இறங்கிய இடத்தில் ஒட்டிக்கொள்கிறது.
பெஞ்சில் மூன்று கம்பளிக் காலுறைகள்.
பேசுவதுமில்லை, நகர்வதுமில்லை.
சிரித்தேன், தனியாக, சத்தமாக.

கெட்டது:
கேமரா.
பூட்ஸ் மேலே போகையில் அது கீழேயே நின்று
எதையோ யோசித்துக்கொண்டிருக்கிறது.
சேமிப்பிடங்கள் கஞ்சன் வீட்டு விளக்குகள்,
இருட்டான அறையில்தான் எரிவதில்லை.
பொத்தானை அழுத்தியதற்கும் குதிப்பதற்கும் நடுவே
இமைப்பொழுது ஒரு தயக்கம்;
ரப்பரின் குணமா, நிரலின் பிழையா,
கடைசிவரை பிடிபடவில்லை.
பதின்மூன்றாம் கட்டத்து இசையைப் பற்றி
வீட்டில் நாய் வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள்.

பதினெட்டு. ஆற்றங்கரை ஆலை,
சுழலும் பலகைச் சக்கரம்.
அறுபத்து நான்கு முறை விழுந்தேன்.
மதிப்புரையில் எடுத்து வீச எண்ணிவைத்தேன்.
குறிப்பேட்டில் ‘நேர்மையற்றது’ என்று எழுதி
இரண்டு கோடு கிழித்தேன்.

மேல்வீட்டு ஹில்க்கா வந்தாள்.
ட்ராம் ஓட்டுபவள். வேலை முடிந்து
வாங்கிப்போன டிரில்லைத் திருப்பித் தர.
கோட்டைக் கழற்றாமலே கன்ட்ரோலரை வாங்கினாள்.
குதிக்கவில்லை.
சக்கரத்தடிக் குட்டையில் இறங்கி
சும்மா நின்றாள். தண்ணீர் நிரம்பியது.
நிரம்பி வழிந்தும் நின்றாள்.
பிறகு நடந்து பலகையில் ஏறினாள்;
கனத்தில் பலகை தாழ்ந்தது,
சக்கரம் ஒரு நொடி திகைத்து, எதிர்ப்பக்கம் சுற்றி,
பூட்ஸை மேல்தளத்தில் கொண்டுபோய்க் கவிழ்த்தது.
“ஆள் ஏறி முடியிறவரைக்கும் நிக்கணும்,” என்றாள்,
“இல்லேன்னா கதவு மூடாது.”
டிரில்லை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

‘நேர்மையற்றது’ என்பதை அடித்தேன்.
‘சொல்லித் தரவில்லை’ என்று எழுதினேன்.
இரண்டுக்கும் அரை மதிப்பெண் தூரம்.
பதினேழு கட்டம் கொட்டப் பழக்கிவிட்டு
பதினெட்டில் சுமக்கச் சொல்வது
தந்திரமா, அசட்டையா?
செய்தவர் ஒரே ஆள், நூசோலா என்று பெயர்.
எழுதிக் கேட்கலாம்.
கேட்டால் மதிப்புரை இல்லை அது, சிபாரிசு.

இரவு இரண்டு மணிக்கு இருபத்திரண்டை முடித்தேன்.
ஒரு படகுத்துறை, பனி.
பலகை ஓரத்தில் காத்திருக்கும் இன்னொரு பூட்ஸ்.
அதுவும் இடதுகால்.
கண்ணில்லாத இரண்டும்
கொஞ்ச நேரம் ஒன்றையொன்று பார்க்கின்றன.
பிறகு மெதுவாக, சளக், சளக்,
ஒரே பக்கமாய்ச் சாய்ந்து நடக்கின்றன.

இதை வெளியே சொல்லக் கூடாது, தொழில் தர்மம்.
இதைச் சொல்லாமல்
எண் ஏன் கூடியது என்று விளக்கவும் வழியில்லை.

காலையில் தர்மோ அழைத்தார்.
“கேமராவைக் கிழித்திருக்கிறாய், இசையைக் கிழித்திருக்கிறாய்,
கீழே பார்த்தால் ஏழா?
ஐந்தரை போடட்டுமா?”
ஏழு, என்றேன்.
“ஆறு?”
ஏழு.
“காரணம்?”
ஒற்றைக்காலில் நின்றேன்.