எஃப் ஒன்

கரண்ட் போய் வந்தால் போதும்,
எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு
2009 ஜனவரி ஒன்று.
நாங்கள் அதை வாங்கியதே
அடுத்த வருடம் ஆடியில்.
கறுப்புத் திரை எஃப் ஒன்றை அமுக்கச் சொல்லும்.
அமுக்கி, தேதியைத் திருத்தி,
பிறகுதான் பால் சொசைட்டிக் கணக்கு.

காந்திபுரத்தில் வாங்கி,
தக்காளிப் பெட்டிகளுக்கு அடியில் படுக்கவைத்து
வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டினோம்.
கேட்டால் மச்சாண்டார் வீட்டு டிவி என்று சொல்ல
வழியெல்லாம் ஒத்திகை.
யாரும் கேட்கவில்லை.
இப்போது வரி கேட்க அங்கே ஆளே இல்லை,
தடுப்புக் கம்பத்தில் கோவைக்கொடி.
பெட்டி மட்டும் மாவு மில்லாக இரைந்துகொண்டு
இன்னும் என் வீட்டில்.

கோயம்புத்தூர்க் கடைப் பையன்
கழற்றிக்கூடப் பார்க்கவில்லை.
'இதுக்குச் செலவு பண்றது வேஸ்ட்டுங்க்கா.'
இருபத்தேழாயிரம் என்று எழுதி
வட்டம் போட்டுக் கொடுத்தான்.
பென் டிரைவில் கொண்டுபோன கணக்கை
அவன் புது மிஷினில் திறந்தேன்.
ராக்காயாத்தாள் என்ற பெயர்
டாலரும் கேள்விக்குறியுமாகக் கிடந்தது.
பக்கத்தில் ஒன்றரை லிட்டர் மட்டும் தெளிவாக.
'ஃபான்ட் பிரச்சனைக்கா, வேற அடிச்சுக்கலாம்.'
நூற்றுப் பன்னிரண்டு பேர்,
வேறு அடிக்க வேண்டியது நான்.

கொழிஞ்சாம்பாறை ஷிபின்
திருகாணிகளைக் காப்பித் தட்டில் வரிசையாக வைத்தான்.
உள்ளே பஞ்சு பஞ்சாகத் தூசி,
பல்லி முட்டை ஓடு,
ஓர் ஐந்து ரூபாய்.
திருடினாய் என்று மூன்றாம் வகுப்பில்
மகனை அடித்த ஐந்து ரூபாய்.
படமெடுத்து அவனுக்கு அனுப்பினேன்.
'அப்பவே சொன்னன்ல' என்று வந்தது.
வேறொன்றும் வரவில்லை.

'மதர்போர்டு நல்லதா சேச்சி. செல் தீர்ந்து போயி.
நாப்பது ரூபா.'
'ஹார்ட் டிஸ்க்?'
காதை வைத்துக் கேட்டான்.
'ஆறு மாசம். ஒரு கொல்லம். பறையான் பற்றில்ல.'

சாப்பிடும்போது இவர் கேட்டார்:
'பால் வத்துன மாட்டுக்கு எத்தன நாளைக்குத் தீனி போடுவ?'
'சினையா இருந்தா?' என்றேன்.
அவரிடம் பதில் இல்லை.
என்னிடம் அர்த்தம் இல்லை.
ரசம் ஊற்றினேன்.

மார்ச்சுக் கணக்கு முடியட்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.
எந்த மார்ச் என்று சொல்லவில்லை.
வட்டம் போட்ட தாள்
காலண்டர் ஆணியில் தொங்குகிறது.
தினம் இரவில் பத்துப் பெயர்
புது எழுத்தில் அடித்து வைக்கிறேன்.
அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

செல் போட்ட மறுநாள் கரண்ட் போய் வந்தது.
எதுவும் கேட்காமல்
இன்றைய தேதியோடு நேராகத் திறந்துகொண்டது.
விரல் தானாகப் போய்
எஃப் ஒன்றை அமுக்கிவிட்டது.
உதவி என்று தலைப்பிட்ட ஒரு கட்டம்
இத்தனை வருடத்தில் முதல் முறையாகத் தோன்றி,
என்ன வேண்டும் என்றது.