இடது காது

மீன் ஆலையின் உணவறையில் உட்கார்ந்து
எதிரணியின் மூன்று ஆட்டங்களைப் பார்க்கிறேன்.
மணி பதினொன்று. கண்ணாடியில் மழை.
வியாழனுக்குள் அறிக்கை வேண்டுமாம் ஹெர்கைருக்கு.
"ஒரு பக்கம் போதும், ரன்வா.
படிக்கப்போகிறவர்கள் படகுக்காரர்கள்."

பலம் என்று எழுதுகிறேன்:
பரோயேத் தீவுகளின் காற்றை
இவர்கள் பன்னிரண்டாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டவர்கள்.
பின்னால் அடித்தால்
கோல்கீப்பர் உதைப்பது நேரே நம் பெட்டியில் விழும்.
எதிரே அடித்தால் பந்தை எழவே விடுவதில்லை,
தூங்கும் குழந்தையைக் கைமாற்றுவதுபோல
காலுக்குக் கால் கொடுத்து வருகிறார்கள்.
எல்லாம் ஆறாம் எண்ணைத் தொட்டுத்தான் போகிறது.
ஹொக்னி. முப்பத்தாறு வயது. ஓடுவதில்லை.
ஓட வேண்டிய இடத்தில் முன்பே நின்றுகொண்டிருக்கிறான்.

பலவீனம்:
கார்னரில் பின்கம்பத்தை மறக்கிறார்கள்.
இடது பேக் முன்னேறிவிட்டால் திரும்ப மனமில்லாதவன்.
பிறகு
இரண்டாம் ஆட்டம், நாற்பத்தோராம் நிமிடம்.
நிறுத்தி, பின்னோட்டி, மறுபடி.
ஹொக்னியின் இடப்பக்கம் ஒருவன் பாய்ந்து வருகிறான்.
சகாக்கள் கத்துவது வாயசைவில் தெரிகிறது.
அவன் திரும்பவேயில்லை.
வலமிருந்து வந்தால் மட்டும்
முதுகில் கண் முளைத்ததுபோல விலகுகிறான்.

இழுவைப் படகின் எஞ்சின் அறையில்
பதினாறு வருடம் வேலை செய்தவன்.
அதே படகில்தான் என் அண்ணனும்.
அவனுக்கு வலப்பக்கமாகப் போய் உட்கார்ந்து பேசுவது
எங்கள் சாப்பாட்டு மேசையின் வழக்கம்.
அதை யாரும் பலவீனம் என்று எழுதிவைத்ததில்லை.

எழுதினேன். அழித்தேன்.
காப்பி ஆறிப்போனது.
"ஆறாம் எண்: இடப்பக்கமிருந்து நெருக்கவும்."
காரணம் எழுதவில்லை.

ஞாயிறு. வடமேற்குக் காற்று.
முதல் கால் மணியிலேயே ஒரு பந்து கடலுக்குப் போயிற்று.
எங்கள் டோக்கி வலது ஓரத்திலிருந்து உள்ளே புகுந்து
இரண்டு முறை ஹொக்னியிடம் பறித்தான்.
இரண்டாவது, கோல்.
ஹெர்கைர் என்னைப் பார்த்துக் கட்டைவிரல் உயர்த்தினார்.
நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

இடைவேளைக்குப் பிறகு
ஹொக்னி பந்தைக் காலில் வைத்திருப்பதையே விட்டுவிட்டான்.
வந்த வேகத்தில், பார்க்காமல்,
டோக்கி விட்டுவந்த ஓரத்துக்குத் தட்டினான்.
டோக்கி உள்ளே வந்தால் அந்த ஓரம் காலி.
அதற்குக் காது வேண்டியதில்லை.
அங்கே
திரும்ப மனமில்லாத அந்த இடது பேக்.
ஒன்று. பதினொரு நிமிடத்தில் இன்னொன்று.
தன் முதுகு தனக்குத் தெரியாது;
என் ஒரு பக்க அறிக்கையில்
எங்கள் முதுகு எந்த வரியிலும் இல்லை.

கைகுலுக்கும் வரிசை கலைந்தபோது
யோசிக்காமல் அவன் வலப்பக்கமாகச் சுற்றிப் போய்
"நல்ல ஆட்டம்" என்றேன்.
ஹொக்னி ஒரு கணம்
நான் நின்ற இடத்தைப் பார்த்தான்,
பிறகு என்னை.

அறிக்கை யாருடையது என்று தெரிந்துகொண்டான்.