வட்டக்கறை

என் வேலை மொழிபெயர்ப்பு.
முத்தியால்பேட்டையில், ஜெராக்ஸ் கடை மாடியில்,
இரண்டு மின்விசிறியில் ஒன்று ஓடும் அறை.
கடலூர்ப் பிள்ளைகள் தமிழில் எழுதுவதைப்
பிரெஞ்சில் எழுதுவேன்.
அங்கிருந்து வருவதைத் தமிழில்.
நடுவில் சிலதை விட்டுவிடுவேன்.
சம்பளம் அதற்கும் சேர்த்துத்தான்.

அங்கே ஒரு சின்ன ஊர்.
பெயரை ஒன்பது எழுத்தில் எழுதி
நாலை மட்டும் உச்சரிப்பார்கள்.
மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை
ஊர் மண்டபத்தில் நாற்காலி போட்டு
ஓய்வுபெற்ற தபால்காரி ஒருவர் பரதம் ஆடுவார்.
அறுபத்துமூன்று வயதில் அரைமண்டி,
முழங்காலில் பட்டை.
பல் டாக்டர் மிருதங்கம்.
முதல் தடவை வீடியோ பார்த்து
நானும் சிரித்தேன்.
பிறகு கணக்கு நோட்டைத் திறந்தேன்.
ஒரு டிக்கெட், ஒரு ஜோடி ஷூ.
மூன்று டிக்கெட், ஒரு டெர்ம் வேன்.
சோனங்குப்பம், சிங்காரத்தோப்பு, ராசாப்பேட்டையில்
முப்பத்தொரு பிள்ளைகள்
அந்த முழங்காலில் ஏறித்தான்
பள்ளிக்கூடம் போகிறார்கள்.

இந்த வருஷம் படமும் கேட்டிருந்தார்கள்,
சுவரில் மாட்டி விற்க.
கடல், படகு, திருவிழா. வண்ணம் நிறைய.
மயில் வேண்டுமென்று யாரும் சொல்லவில்லை.
பதினான்கு மயில் வந்தது.

பவதாரணி, எட்டாம் வகுப்பு,
பென்சிலால் சிப்காட் புகைபோக்கி வரைந்திருந்தாள்.
அதன் கீழே அவள் அம்மா,
மீன்கூடையை இறக்கிவைத்து
முந்தானையால் மூக்கைப் பொத்தி
பஸ்ஸுக்கு நிற்கிறாள்.
பஸ்ஸைக் காணோம்.
"எடம் பத்தல மிஸ்."
"சரி, கலர்?"
"ராத்திரி மிஸ் அது."

வைத்து அனுப்பினேன்.

ஜூன் முதல் வாரம் பெட்டி திரும்பி வந்தது.
விற்றது இருபத்தாறு. விற்காதது ஐந்து.
கூடவே ஒரு கடிதம்:
சுவரில் இடம் போதாமல் ஒரு படத்தை
மேசைமேல் வைக்கும்படி ஆயிற்று,
பாலாடைக்கட்டித் தட்டுக்குப் பக்கத்தில்,
அதில் சற்று ஈரம் பட்டுவிட்டது,
மிகவும் வருந்துகிறோம்.

பிஆர்டிசி பஸ்ஸில், மடியில் பெட்டியோடு,
கன்னியக்கோயில் தாண்டும்வரை
இதை எப்படிச் சொல்வதென்று
தமிழில் தேடிக்கொண்டிருந்தேன்.

"என்னுது எவ்ளோ போச்சு மிஸ்?"
"போகல."
"அப்போ என் ஃபீஸ கட்டுனது யாரு படம்?"
காசெல்லாம் ஒரே உண்டியல்,
யாருடையது என்று பிரிக்க முடியாது என்றேன்.
கொஞ்சம் யோசித்தாள்.
"கோகுலோட மயிலா இருக்கும்.
அவன் மயில நேர்ல பாத்ததே இல்ல, தெரியுமா?"

படத்தை எடுத்தாள்.
வானத்தில், புகைக்கு வலப்பக்கம்,
கருஞ்சிவப்பாய் ஒரு வட்டம்,
ஓரிடத்தில் அறுந்து.
முகர்ந்து பார்த்தாள்.
"என்னா மிஸ் இது?"
"கிளாஸ் வெச்ச தடம்."
"டீயா?"
"திராட்ச ஜூஸு," என்றேன்.
(சொன்னேனே, சிலதை விட்டுவிடுவேன்.)

ஆள்காட்டி விரலால்
அறுந்த இடம்வரை ஒரு சுற்று ஓட்டினாள்.
"அப்போ யாரோ இதுக்கிட்ட
கொஞ்ச நேரம் நின்னு குடிச்சிருக்காங்க."

கடிதத்தில் இருந்தது மேசை,
இடமின்மை, வருத்தம்.
கைப்பைக்குள் நாலாய் மடித்திருந்தது.
ஜிப்பில் கை வைத்தேன், எடுத்தேன்.
வெளியே ஐஸ் வண்டிக்காரர்
யாரோடோ சில்லறைக்குச் சண்டை போட்டார்.

"பதில் எழுதுவீங்கல்ல?"
"எழுதணும்."
"அவங்க கேக்க மாட்டாங்க.
ஒருவேள கேட்டா,
பஸ் இன்னும் வரலன்னு போடுங்க மிஸ்."