பில் புத்தகத்தின் பின்பக்கம்

கென்னடி வீதி, டயர்க்கடை.
எட்டு மணிக்கும் வெயில் போகாத ஜூன்.
கழற்றிவைத்த பனிக்கால டயர்களை
நாலு நாலாய் அடுக்கி அதன்மேல் இருக்கிறார்கள்:
வாகீசன், சுலோஜன், றொமெல்,
மருந்துக்கடைச் சீருடை மாற்றாமல் வந்த பிறேமிளா.
நான் காசு மேசையில்.
யார் என்ன சொன்னார்கள் என்று
பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதுவது என் வேலை.
பிறகு ஒருவரும் மறுக்கக்கூடாது என்று
அவர்களே தந்த வேலை.

எங்களுக்கு ஒன்பதாவது முறை.
போன பருவம் ஐம்பத்திரண்டு தோல்வி.
தோற்றதற்குக் கிடைத்த கூலி இந்த ஒன்பது.
வேண்டியது ஏழடி ஆள் ஒருவன்,
வளையத்துக்குக் கீழே நின்று
வருகிறவனை எங்கே போகிறாய் என்று கேட்க.
மூன்று மாதமாய் மணியோசை கேட்டோம்.
யானையை
ஆறாவதாகவே வேறு ஊர்க்காரன் ஓட்டிக்கொண்டு போனான்.

"பறவாயில்லை, மற்றவன் இருக்கிறான்," என்றான் சுலோஜன்.
மற்றவன் எட்டாவதாகப் போனான்.

ஐந்து நிமிடம்.
காற்றடிக்கும் இயந்திரம்
தானாக ஒருமுறை உறுமி ஓய்ந்தது.
மிக்சர்ப் பையை முறுக்கி றப்பர் போட்டாள் பிறேமிளா,
செத்தவீட்டுக்குள் நுழைகிறவள் போல.

மேடையில் கோட்டுக்காரர் ஒரு பெயரை வாசித்தார்.

"ஆர்?"
"ஆரெண்டவர்?"
"உவனையோ எடுத்தவங்கள்? விசரே உவங்களுக்கு?"

ஆறடி இரண்டங்குலம்.
அந்த உயரத்தில் எங்களிடம் ஏற்கெனவே மூன்று பேர்.
வாகீசன் தொப்பியைக் கழற்றி
பழைய எண்ணெய் வாளிக்குள் போட்டான்.
போன வருடத் தொப்பியும் அங்கேதான் போனது.
"இண்டையோட சரி. இனி நான் ஹொக்கி பாக்கிறன்."
எழுதினேன்: வாகீசன், ஹொக்கி, நாலாவது தடவை.
றொமெல் தன் மொழியில் ஒன்று சொன்னான்.
ஒருவரும் அர்த்தம் கேட்கவில்லை.
தமிழில் எழுதிக்கொண்டேன்.
"கை நீளத்தைப் பாருங்கோவன்," என்றாள் பிறேமிளா.
"ஓமோம், கூரையில பல்ப் மாத்தலாம்."

திரையில் எழுந்து நின்றான்.
பத்தொன்பது வயது.
கோட்டின் உட்துணியில் யாருடைய முகமோ தைத்திருந்தது.
தாய் கட்டிக்கொண்டாள், விடவில்லை,
யாரோ வந்து பிரிக்கவேண்டி இருந்தது.
அவன் தலையில் வைத்ததும்
வாளிக்குள் கிடந்ததும் ஒரே தொப்பி.

நான் பக்கங்களைப் பின்னால் புரட்டினேன்.
மூன்று வருடத்துக்கு முன், வாகீசன்:
"மரக்கட்டை. ஒரு பருவம் தாங்காது."
அந்த மரக்கட்டையின் இலக்கம்தான்
இப்போது அவன் முதுகில், வியர்வையில் ஒட்டியபடி.
சொல்லவில்லை.
கொதிக்கிறவனிடம் பழைய பில்லை நீட்டக்கூடாது.

மறுநாள் இரண்டாம் சுற்று.
ஒருவரும் வரவில்லை.
வாகீசன் வெளியே ஒரு வான்காரனோடு
நாலு டயருக்கு விலை பேசிக்கொண்டிருந்தான்,
தலையில் அதே தொப்பி,
சவர்க்காரத்துக்கு மசியாத எண்ணெய்க் கறையோடு.
நான் ஒலியைக் குறைத்துவிட்டு
வரிக் கணக்குப் பார்த்தேன்.

நாற்பத்தேழாவது எங்களுடையது.
பையன் மண்டபத்திலேயே இல்லை.
கைகுலுக்க ஆளில்லை, தாயில்லை, கோட்டில்லை.
பீட்சா விளம்பரம் ஓடும்போது
திரையின் அடியில் ஊர்ந்து போனது பெயர்.
அடுத்த பெயர் வந்து அதைத் தள்ளியது.

திட்டக்கூட ஆளில்லை அவனுக்கு.

புத்தகத்தைத் திருப்பினேன்.
பெயரை எழுத்துக் கூட்டி எழுதினேன்,
இரண்டு தரம் வெட்டித் திருத்தி.
அவன் விளையாடி நான் ஒரு நிமிடம்கூடப் பார்த்ததில்லை.
பேனையைக் கடித்துக்கொண்டு யோசித்து,
"வேகம் காணாது. இவனும் சரிவர மாட்டான்"
என்று போட்டு,
சொன்னவர் பெயர் எழுதுகிற இடத்தில்
முதல் தடவையாக எழுதினேன்:
தர்மினி.