பத்தோடு பதினொன்று

அக்டோபர் மூன்றாம் வாரம். சுவாவ்கி ஊரில்
காலை ஏழுக்கும் விளக்குப் போட்டால்தான் வகுப்பு.
வாசலில் இருபத்திரண்டு ஜோடி ரப்பர் பூட்ஸ்,
முக்கால்வாசி மஞ்சள்.
எது யாருடையது என்று சாயங்காலம் ஒரு வழக்கு நடக்கும்.
எனக்குப் பழகிவிட்டது.

பாடத்திட்டம் சொல்கிறது:
இந்தப் பருவத்தில் பத்து வரை எண்ணினால் போதும்.
மீதி கிறிஸ்துமஸ் கழிந்து.

ஆகவே பூங்காவுக்குப் போனோம்,
ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு,
நீளமான, மூக்கொழுகும் ஒரு ரயில்.
ஆளுக்குப் பத்து ஓக் கொட்டை,
ஒன்றுகூட அதிகம் கூடாது என்றேன்.
"ஏன்?" என்றான் திமோன்.
"காட்டுப்பன்றிக்கும் பசிக்குமே."
அது நியாயமாகப் பட்டிருக்க வேண்டும்.
பன்றிக்காக ஒன்பதோடு நிறுத்திக்கொண்டான்.
இரண்டு தெரு தாண்டியதும் அழுதான்.

போக்னா தன் பையைத் துழாவி
ஓட்டை விழுந்த ஒரு கொட்டையைத் தேர்ந்தெடுத்து
அவன் கையில் வைத்தாள்.
தர்மம்தான்.
அவளிடம் பதினான்கு இருந்தது எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை இலைகள்.
தாளுக்கு அடியில் மேப்பிள் இலையை வைத்து
மெழுகுச் சுண்ணத்தைப் படுக்கவைத்துத் தேய்த்தால்
நரம்பு ஒவ்வொன்றாக மேலே வரும்.
கலீனா தாளுக்கு அடியில் தன் கையையே வைத்துத்
தேய் தேய் என்று தேய்த்தாள்.
ஐந்து விரல் வந்தது. நரம்பு வரவில்லை.
"எனக்குள்ள இல்லையா?" என்றாள்.
மணிக்கட்டைத் திருப்பி, ஜன்னல் பக்கம் கொண்டுபோய்,
நீலமாக ஓடுவதைக் காட்டினேன்.
மதியச் சாப்பாடு வரைக்கும்
எல்லோரும் எல்லோருடைய கையையும் பிடித்துப் பார்த்தார்கள்.
பீட்ரூட் சூப் ஆறிப்போனதற்குச்
சமையல்காரர் ப்ரோனியா என்னைத்தான் முறைத்தார்.

புதன். எண்ணும் நாள்.
முட்டை அட்டையின் பத்துக் குழியில்
பத்துக் கொட்டை.
ஒன்று, இரண்டு, மூன்று,
க்ஸாவெரிக்கு எப்போதும் ஏழு கிடையாது,
ஆறிலிருந்து எட்டுக்குத் தாவிவிடுவான்.
அப்போது திமோனின் பத்தாவது குழியில்
கொட்டை கொஞ்சம் அசைந்தது.

ஓட்டையிலிருந்து ஒரு தலை.
பழுப்பு, கடுகளவு.
பின்னாலேயே வெள்ளை உடம்பு,
இடுக்கில் மாட்டி, பிதுங்கி,
இறுக்கமான ஸ்வெட்டரைக் கழற்றுகிறவன்போலத்
திணறித் திணறி வெளியே வந்து
அட்டையில் விழுந்து சுருண்டது.

இருபத்திரண்டு பேரும் மூச்சுவிடவில்லை.
இந்த அமைதிக்காகச் செப்டம்பர் முழுக்க
நான் மணியடித்திருக்கிறேன்.

"பதினொண்ணு," என்றான் திமோன்.

யாரும் அவனுக்கு அதைச் சொல்லித்தரவில்லை.
"கொட்டை காலி, அதனால ஒன்பதும் புழுவும்," என்றான் க்ஸாவெரி.
"வீட்ல ஆளில்லேன்னா வீடு இல்லையா?" என்று கேட்டாள் யகோதா,
அப்பா கப்பலில் வேலை பார்க்கிறவள்.
நான் பலகைப் பக்கம் திரும்பிச்
சுண்ணக்கட்டியைத் தேடினேன், கையிலேயே இருந்தது.

கூன்வண்டின் குழந்தை அது என்றேன்.
மண்ணுக்குள் போய்த் தூங்கும்.
ஒரு வருஷமோ இரண்டோ,
அதன் பாடத்திட்டம் நமக்குத் தெரியாது.
எழுந்து வரும்போது நீங்கள்
பெரிய பள்ளிக்கூடத்தில் இருப்பீர்கள்.

கரண்டியில் ஏந்திக்கொண்டு
மழையில் ஊர்வலமாய்ப் போனோம்.
ஊஞ்சலுக்குப் பின்னால், ஈரமண்ணில், இறக்கிவிட்டோம்.
அவசரமே இல்லாமல் தலையை நுழைத்தது.
மூடுவதற்குமுன் போக்னா
தன் மிச்ச நாலு கொட்டைகளையும்
யாரும் கேட்காமலே பக்கத்தில் வைத்தாள்.
"எழுந்தா பசிக்கும்."

மாலையில் படிவத்தை எடுத்தேன்.
பத்து வரை எண்ணுகிறாரா: ஆம், இல்லை.
திமோன் பெயருக்கு நேரே பேனா கொஞ்ச நேரம் நின்றது.
வாசலில் அவன் அம்மா,
"இன்னிக்கு என்ன படிச்சே?"
"ஒண்ணுமில்ல," என்றான்,
சட்டைப்பை கடகடக்க,
இடது காலில் யாருடையதோ ஒரு பூட்ஸோடு.