மெயினை இறக்கிய சனிக்கிழமை

இந்த மாத நாவலில் ஒரே ஒரு இரவு.
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கமும் அதே இருட்டு.
அதனால் வாட்ஸ்அப்பில் போட்டேன்:
சனிக்கிழமை ஏழு மணி,
திருத்துறைப்பூண்டி, சிமென்ட் கடை மாடி, என் வீடு.
கறுப்பு உடுத்தி வரவும்.
கரண்டில் எரியாத வெளிச்சம்
ஆளுக்கொன்று கொண்டு வரவும்.

பலகாரமும் கறுப்பு.
தோலுளுந்து வடை, எள்ளுருண்டை,
கவுனி அரிசிப் பாயசம்.
நாவல் பழம் கிலோ இருநூறு என்றான்,
அரைக் கிலோ வாங்கினேன்.
'நாவலுக்கு நாவல்' என்று
தட்டருகே அட்டை எழுதி வைத்து
பிறகு வெட்கப்பட்டுக் கிழித்தேன்.

ஏழு பத்துக்கு மெயினை இறக்கினேன்.
மின்விசிறி கடைசிச் சுற்றை
மனசில்லாமல் சுற்றி நின்றது.

ஜெசிந்தா டீச்சர் கையில் ஈஸ்டர் மெழுகுவர்த்தியின் மிச்சம்.
மருந்துக்கடை ஜபருல்லாவுக்கு நெற்றியில் கட்டும் டார்ச்;
அவர் யாரை மதித்துப் பார்த்தாரோ
அவருக்குக் கண் கூசியது.
குமுதவல்லி ஓர் அரிக்கேன்,
தபாலாபீஸ் பரணில் கிடந்ததாம்,
கணக்கில் உண்டா என்று கேட்காதே என்றாள்.
வேதவனம் வெறுங்கையோடு வந்து
'இருட்டைக் கொண்டு வந்திருக்கேன்' என்றார்.
புத்தகமும் கொண்டு வரவில்லை.

பேச ஆரம்பித்தோம்.
டீச்சர் அறுபதாம் பக்கம் வரை.
ஜபருல்லா முடிவை மட்டும்.
நான் இரண்டு முறை படித்திருந்தேன்;
சொன்னால் பரீட்சை போலாகிவிடுமென்று
வடையை நீட்டினேன்.
'குறியீடு' என்ற சொல் ஒரு தடவை வந்து
கொசுக்களோடு சுற்றிவிட்டுப் போனது.
ஆடி பிறந்தும்
முள்ளியாற்றுப் பக்கமிருந்து காற்றில்லை.
கறுப்புத் துணிக்குள் எல்லோரும்
மெல்ல அவிந்தோம்.

ஒன்பதுக்கு, மனைவி குமுதவல்லியைக் கூட்டிப்போக
வடுகநாதன் வந்தார், லைன்மேன்.
தெருவெல்லாம் எரிய ஒரு வீடு மட்டும் இருட்டென்றால்
அவர் கால் தானாக மீட்டர் பெட்டிக்குப் போகும்.
'மெயின் இறங்கியிருக்கே, யாரு இறக்குனது?'
நான்தான் என்றேன்.
ஏன் என்றார்.
புத்தகத்துக்காக என்றேன்.
என் வீட்டில் அவ்வளவு சின்னதாக
நான் ஒருநாளும் ஆனதில்லை.

உட்கார வைத்தோம்.
பாயசத்தை முகர்ந்து பார்த்துக் குடித்தார்.
உபசாரத்துக்குக் கதை சொன்னேன்:
நூற்று நாற்பதாம் பக்கத்தில் கரண்டு வருகிறது,
தெருவே கைதட்டுகிறது,
ஐந்து நிமிஷத்தில் மறுபடி போய்விடுகிறது.

'குடுக்குறதுக்கு முன்னாடி
கம்பத்துல இருந்தவன் இறங்கிட்டானான்னு
யாராச்சும் கேட்டாங்களா?'

புரட்டினோம்.
ஜபருல்லாவின் நெற்றி வெளிச்சத்தில்
நூற்று நாற்பது, நாற்பத்தொன்று, திரும்பி முப்பத்தெட்டு.
கைகள் இருந்தன. தட்டின.
கம்பம்கூட இருந்தது, கண்ணீர் அஞ்சலி போஸ்டரோடு.
மேலே ஆளில்லை.
இரண்டு முறை படித்தவள்
இரண்டு முறையும் தேடவில்லை.

டம்ளரைப் பார்த்தபடி சொன்னார்:
'புயல் வருஷம், பதினெட்டாம் நாள்.
சப்ளை குடுக்கணும்,
ஒவ்வொருத்தன் பேரா கூப்புடுறேன்.
சேலத்துலேருந்து வந்த பையன், பதிலே இல்ல.
போயிப் பாத்தா கம்பத்தடியில தூங்குறான்,
கையில கட்டிங் பிளேயர்.
எழுப்பல.
இருவது நிமிஷம் பதில் வரலன்னே
ஆபீசுக்குச் சொல்லிக்கிட்டு நின்னேன்.
தெருவே நின்னு திட்டுச்சு.'

'அது நம்ம தெரு' என்றாள் குமுதவல்லி.
அரிக்கேன் திரியைக் குறைத்தாள்.
'நானுந்தான் திட்டினேன்.'

அதற்குப் பிறகு
அந்த நாவலைப் பற்றி யாரும் பேசவில்லை.
அடுத்த மாதம் யார் வீடு என்றும் முடிவாகவில்லை.

புறப்படும்போது அவரே மெயின் பெட்டியருகே போய்
கைப்பிடியில் விரல் வைத்து
உள்ளே பார்த்துக் கேட்டார்:
'யாரும் எதையும் தொடலையே?'

'ஜெசிந்தா, இல்லை.'
'ஜபருல்லா, இல்லை.'
'குமுதா, இல்லங்க.'
நானும் பெயர் சொன்னேன், பள்ளிக்கூடத்துக் குரலில்.
வேதவனத்துக்கு வாயெல்லாம் எள்ளுருண்டை.

காத்திருந்தோம்.